வளைய மாலை

சால்வை எத்தனை போர்த்தியும் ரசிகர்களுக்கு மனசு ஆறவில்லை. முப்பத்திரண்டு வருஷம் கல்லூரிப் பெண்களுக்குக் கூடைப்பந்து சொல்லிக்கொடுத்துவிட்டு இன்றோடு ஓய்வுபெறுகிற மனிதருக்கு வெறும் துணியா? ஏணியைச் சாய்த்து ஏறினார்கள். பலகையிலிருந்த வளையத்தையே கழற்றி, மாலை போடுவதுபோலக் கோச் அமலதாஸின் கழுத்தில் போட்டார்கள். இரும்பு தோளெலும்பில் உட்கார்ந்து அழுத்தியது. நைந்த வலை நெஞ்சில் தொங்கியது. எதிர்ப்பக்கத்து வளையத்தை ஞாபகத்துக்கென்று இரும்பு ரம்பத்தால் ஆளுக்கொரு துண்டாக அறுத்துக்கொண்டிருந்தார்கள்.

பலகையில் மிஞ்சிய நான்கு ஓட்டைகளைப் பார்த்தார் அமலதாஸ். “நாளைக்குக் காலையில பிள்ளைங்களுக்குப் பிராக்டிஸ் இருக்கேப்பா.”

“நீங்களே போறீங்க. இனிமே இங்க என்ன சார் ஆட்டம் வேண்டிக் கிடக்கு?” ரசிகர் மன்றத் தலைவர் உதுமான் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

திரும்ப மாட்டிவிடலாம் என்று அமலதாஸ் வளையத்தை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கினார். கோப்பையைப்போலத் தூக்கிக் காட்டுகிறார் என்று கூட்டம் ஆர்ப்பரித்தது. ஓரமாக நின்ற இந்த வருஷத்து அணிப் பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு, கைதட்டுவதற்காக, கேப்டன் பெண் பந்தைக் கீழே வைத்தாள்.