ஒரே சீராக மின்னினால்

மஞ்சள் லைற் இரண்டு தரம் மின்னியது. கொஞ்சம் பொறுத்து இன்னும் இரண்டு தரம்.

நான் பிழையாக எண்ணிவிட்டேனோ என்று மறுபடியும் எண்ணினேன். இரண்டு. இடைவெளி. இரண்டு.

பின் சீற்றில் அக்கா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு முனகினாள். பண்ணைப் பாலத்தின் நடுவில் கார் நின்று கால் மணித்தியாலம் ஆகிவிட்டது. இரண்டு பக்கமும் கடல். முந்தியென்றால் காவலுக்கு ஒரு சென்றியாவது நிற்கும். இந்தியன் ஆமி போய் ஒரு மாதம். பாலத்தில் ஒரு குருவிகூட இல்லை.

அக்காவின் வயிற்றில் பிள்ளை குறுக்காகக் கிடக்கிறது, உடனே யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள் என்று சரவணையில் மருத்துவிச்சி சொல்லி அனுப்பியிருந்தார்.

"லைற் என்னவாம் பிள்ளை?" அப்பா ஸ்ரேறிங்கை விடாமல் கேட்டார்.

"பொறுங்கோ அப்பா."

அது யப்பான் கார். தெற்கில் கடையை மூடிவிட்டு வந்தபோது அப்பா கொண்டுவந்தது. அதற்குள் ஒரு மூளை இருக்கிறது. பழுது வந்தால் ஞாபகம் வைத்துக்கொள்ளும். பொனற்றுக்குள் இருக்கிற சின்னப் பெட்டியில் இரண்டு ஓட்டைகளைக் கொண்டையூசியால் இணைத்துவிட்டுச் சாவியைத் திருப்பினால், ஸ்ரேறிங்குக்குப் பின்னால் உள்ள மஞ்சள் லைற் மின்னி மின்னி ஒரு நம்பர் சொல்லும். எந்த நம்பருக்கு என்ன பழுது என்று காரோடு வந்த இங்கிலீஸ் புத்தகத்தில் பட்டியல் இருக்கிறது.

ஒரே சீராக மின்னினால் பழுதில்லை.

ஊரில் கார் திருத்துகிற ஏரம்பண்ணைக்குப் பழைய மொறிஸ் மைனர் கார்தான் தெரியும். பொனற்றைத் திறந்து பார்த்தார். மூடிவிட்டு அப்பாவைப் பார்த்தார்.

"இது கதைக்கிற கார் ராசண்ணை. இங்கிலீஸ் தெரிஞ்ச ஆளாப் பிடியுங்கோ."

வீட்டில் இங்கிலீஸ் வாசிக்கிறவள் நான் ஒருத்திதான். அப்படித்தான் பதினைந்து வயதில் நான் ஒரு காருக்கு வைத்தியம் பார்க்கிற பரியாரி ஆனேன்.

போன கிழமை முழுக்கக் கார் சூடேறினால் நின்றது. மஞ்சள் லைற் பற்றும், பெற்றோல் மணக்கும், கொஞ்சம் ஆறவிட்டால் ஓடும். ஒவ்வொரு நாளும் விடிய நான் ஊசி போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு நாளும் ஒரே சீராக மின்னியது.

ஒன்றுமில்லை என்றேன். அப்பா வருகிறவர் போகிறவருக்கெல்லாம், தன் மகள் நாடி பார்த்தால் பார்த்ததுதான் என்று சொல்லித் திரிந்தார்.

இன்றைக்கு விடியவும் பார்த்தேன்.

பக்கத்து வீட்டுத் தம்பையா மாமா தன்னுடைய வானை எடுத்துக்கொண்டு வந்து வாசல் படலையில் நின்றார். அக்காவை அதில் ஏற்றுங்கள் என்றார். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். எங்கள் காரில் ஒன்றுமில்லை என்று நான்தான் சொன்னேன்.

இப்போது இருபத்திரண்டு.

பட்டியலில் விரலை வைத்துத் தேடினேன். எஞ்சின் தண்ணீரின் சூட்டை அளக்கிற கருவி. வயர் கழன்றிருக்கிறதா என்று பார்க்கவும்.

அதற்குள் ஊர்காவற்றுறையிலிருந்து மீன் ஏற்றிவந்த லொறி பின்னால் வந்து நின்றது. சாரதி யாக்கோப்பு குதித்து இறங்கினார். உள்ளே ஒரு பார்வைதான் பார்த்தார்.

"கார் கிடக்கட்டும் ஐயா. முதல்ல பிள்ளையைத் தூக்குங்கோ."

அக்காவையும் அம்மாவையும் முன் சீற்றில் ஏற்றினார்கள். அதற்குமேல் இடமில்லை. லொறி போனபிறகு பார்த்தால் அக்காவின் ஒரு செருப்பு றோட்டில் கிடந்தது.

நான் வயரைத் தேடினேன். முனை பாதி கழன்று தொங்கியது. அமத்தினேன். டிக் என்று உட்கார்ந்தது. கொஞ்சம் பொறுத்து அப்பா சாவியைத் திருப்பினார். கார் ஒரே தரத்தில் ஸ்ராட் ஆனது.

ஒரு விரல்தான் தேவைப்பட்டது.

ஆஸ்பத்திரி விறாந்தையில் இருக்கிறோம். பிள்ளை பிறந்துவிட்டது. இன்னும் அழவில்லையாம். கதவைச் சாத்திவிட்டார்கள்.

ஒருவருக்கும் சொல்லாததைச் சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் கரண்ட் இல்லை. பின்னேரத்தில் அப்பா காரின் பற்றறியைக் கழற்றி உள்ளே கொண்டுவருவார். அதில்தான் எங்கள் சின்ன ரீவி ஓடும். அப்பாவுக்குச் செய்தி. எனக்கு இந்தியாவிலிருந்து வருகிற வெள்ளிக்கிழமைப் பாட்டு. விடிய எழும்பிப் பற்றறியைத் திரும்பப் பூட்டுவார். அதற்குப் பிறகுதான் நான் ஊசி போடுவேன்.

பட்டியலுக்குக் கீழே சின்ன எழுத்தில் இரண்டு வரி இருக்கிறது. பற்றறியைக் கழற்றினால் காரின் ஞாபகம் அழிந்துவிடும். பிறகு பார்த்தால், பழுது இருந்தாலும் இல்லையென்றுதான் மின்னும்.

அதை நான் முதல் நாளே வாசித்தேன்.

வாசித்தேன், அது நிச்சயம். விளங்கியதா என்றுதான் தெரியவில்லை. சொன்னால் பற்றறி காரிலேயே கிடக்கும், பிறகு பாட்டு இல்லை என்று நினைத்ததாக ஒரு ஞாபகம். அது அன்றைக்கு நினைத்ததா, இப்போது பயத்தில் நானாகச் சேர்க்கிறேனா? எத்தனை தரம் யோசித்தாலும் ஒவ்வொரு மாதிரி வருகிறது.

அப்பா புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு பக்கங்களைத் திருப்புகிறார். அவருக்கு இங்கிலீஸில் ஒரு எழுத்தும் தெரியாது. ஆனாலும் அந்தப் பட்டியல் உள்ள பக்கத்தைக் கண்டுபிடித்து அதில் நிற்கிறார்.

அவருக்கு என்னில் கோபமில்லை. தலையைத் தடவிவிட்டார். பிறகு, பள்ளிக்கூடப் பிள்ளை ரீச்சரிடம் கேட்பதுபோல, மெதுவாகக் கேட்டார்.

"ஒரு கிழமையா ஒண்டும் சொல்லாத லைற், இண்டைக்குப் பாலத்தில மட்டும் ஏன் பிள்ளை சொன்னது?"