கப்பலில்தான் இருக்கிறார்

முதல் டான்யூப் நதிப் பயணம். அன்று பயணிகள் கரையில் இறங்கி ஒரு மலைக்கோட்டையைப் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள். கப்பல் கரையை விட்ட பிறகுதான் டோலரஸ் கணவன் வெர்னனைத் தேடினாள். அறையிலும் இல்லை, பாரிலும் இல்லை.

“மலைக்கோட்டையிலேயே நின்னுட்டாரோ?”

“இல்லம்மா,” என்றார் கேப்டன். “கரையிலேருந்து திரும்பி வர்றவங்க தங்க பேர் போட்ட அட்டையைக் கப்பல் வாசல் பலகையில மாட்டணும். அவர் அட்டை மாட்டியிருக்கு. கப்பலுக்கு வந்துட்டார்.”

அப்படியானால் ஆற்றில்தான் விழுந்திருக்க வேண்டும். விளக்குகள் கறுத்த நீரைத் துழாவின. ஒவ்வொரு அலையிலும் அவளுக்கு வெர்னன் முகம் தெரிந்தது.

“அவர் அட்டையை மாட்டும்போது பாத்தீங்களா?” என்று அவளிடம் கேட்டார் கேப்டன்.

“அவரா? கல்யாணமான நாள்லேருந்து அவர் தொப்பியைக்கூட நான்தான் மாட்டறேன். ரெண்டு அட்டையும் என் பையிலதான் இருந்துச்சு. பின்னாலயே வர்றார்னு நினைச்சு நானே மாட்டிட்டேன்.”

கேப்டன் கப்பலைத் திருப்பச் சொன்னார்.

டோலரஸ் பையைத் திறந்தாள். வெர்னனின் நெஞ்சுவலி மாத்திரையும் அதில்தான் இருந்தது.