கூடப் போட்ட சோடா
பொன்மலை வீட்டின் கொல்லையில் தை மாத வெயில் துவைக்கும் கல்மேல் விழுகிறது. லேத் பட்டறைக்குப் போகும் ஆசீரின் சட்டைகள் கொடியில் சொட்டுகின்றன. கிரீஸ் கறை சுத்தமாகப் போயிருக்கிறது. சோப்பைச் சீவி, சலவைச் சோடா கலந்து, அவர் மனைவி பெலிண்டா வீட்டிலேயே செய்த பவுடர். கறை விடவில்லை என்று போன வாரம் சோடாவை மட்டும் இரண்டு மடங்காக்கினாள். துவைப்பது வீட்டு வேலைக்கு வரும் வேணி. பெலிண்டா நீட்டும் தயிர்சாதத்தை வாங்கிக்கொண்டு, "ஒரு ஸ்பூன் குடுங்கக்கா" என்கிறாள் அவள். ஒருநாளும் கேட்காதவள்.

"என்னடி, புதுசா துரைசானி ஆயிட்ட?"

"பனிக்கு விரலெல்லாம் வெடிச்சுக் கெடக்குக்கா. உப்பு பட்டா எரியுது."

தட்டைப் பிடித்த விரல்நுனிகள் தோலுரிந்து, கோடு கோடாகச் சிவந்திருக்கின்றன. பனிக்கு அப்படி ஆகாது; சோடாவுக்குத்தான் ஆகும். பெலிண்டா ஸ்பூனை எடுத்து வந்து கொடுக்கிறாள்.

"புதுப் பவுடரு நல்லா அழுக்கு எடுக்குதுக்கா. எங்க வீட்டுக்காரர் சட்டைக்கும் கொஞ்சம் குடுங்களேன்."

"தீந்துபோச்சு வேணி."

பெலிண்டாவின் முதுகுக்குப் பின்னால், ஜன்னல் திட்டில், மூடாத டப்பாவில் பவுடர் விளிம்புவரை இருக்கிறது. வேணி அதைப் பார்க்கிறாள். பிறகு தலையைக் குனிந்து, "சரிக்கா" என்று சாதத்தைக் கிளறுகிறாள்.