மூஞ்சி தெரிய வேண்டும்

இன்னும் மூன்று நிமிடம்.

தொடரின் நான்காம் பாகத்தில், முப்பத்தோராவது நிமிடத்தில் அவன் திரையில் வருவான். குடோன் படியில் இறங்கி, திரும்பி, "அண்ணே, வண்டி வந்துருச்சு" என்பான்.

அவ்வளவுதான். நடிகனாக இரண்டு வருடம் அலைந்ததற்கு அவனிடம் இருந்த அத்தாட்சி அந்த மூன்று சொல்.

டிவியில் ஒரு வீடு ஓடிக்கொண்டிருந்தது. பெரிய பணக்கார வீடு. அங்கே யாருக்கும் லைட் போடும் பழக்கம் இல்லை.

கொலை நடந்திருந்தது. செத்தது யார் என்று மூன்று பாகமாகப் பிடிபடவில்லை. போலீஸ்காரர் வந்தார். அவரும் சுவிட்சைத் தேடவில்லை. டார்ச்சை எடுத்து, பார்க்கிறவர்கள் கண்ணில் அடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் இரண்டு மணி. திருப்பூர் வெயில்.

முதல் பாகத்திலேயே தங்கை மேகலா ஜன்னலைச் சாத்திவிட்டாள். இரண்டாம் பாகத்தில் அம்மா அதன் மேல் போர்வையைக் கட்டினாள். நான்காம் பாகத்தில், சாமி படத்துக்கு முன்னால் எரியும் குட்டிச் சிவப்பு பல்பையும், கன்னத்தில் போட்டுக்கொண்டு அணைத்தாள்.

அப்பா நாற்காலியில் இருந்தார். காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை.

பனியன் கம்பெனியில் இருபத்தாறு வருடமாகச் செக்கிங். ஊசிமுனை ஓட்டை, கடுகளவு எண்ணெய்க் கறை, எதுவும் அவரைத் தாண்டிப் போனதில்லை. அங்கேயும் பேசமாட்டார். குறை இருக்கும் இடத்தில் சின்ன ஸ்டிக்கரை ஒட்டிவிட்டு அடுத்த துணிக்குப் போவார். எதையும் நடுவிலிருந்து பார்க்கும் வழக்கமும் இல்லை. அதனால்தான் முதல் பாகத்திலிருந்து.

போன மாதம் ஒரே தடவை வாயைத் திறந்தார்.

"மூஞ்சி தெரிஞ்சா நீ நடிச்சுக்கோ. தெரியிலீனா ஒண்ணாந்தேதி மாமன் கம்பெனிக்குப் போயிரோணும்."

இன்று தேதி இருபத்தெட்டு.

அன்றைக்கு அவன் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டான். மூஞ்சி தெரியாமல் எங்கே போகும்? படப்பிடிப்பில் எட்டு பெரிய விளக்கு. கண் கூசியது. மேக்கப் கரைந்து கழுத்துக்கு வழிந்தது.

அந்த வெளிச்சத்தை எல்லாம் பிற்பாடு யாரோ கழுவிவிட்டிருந்தார்கள்.

இருபத்தொன்பதாவது நிமிடம்.

உதவி இயக்குநருக்கு மெசேஜ் அனுப்பினான். அண்ணா, நம்ம சீனும் இப்படித்தான் இருட்டா இருக்குமா?

பதில் உடனே வந்தது. அதுதான் தம்பி ஃபீல்.

முப்பது.

உள்ளங்கையை லுங்கியில் துடைத்தான். மறுபடி ஈரமானது. மறுபடி துடைத்தான்.

முப்பத்தொன்று.

திரை கறுத்தது.

"இதா, நானு," என்றான்.

அம்மாவும் மேகலாவும் முன்னால் நகர்ந்தார்கள்.

காலடிச் சத்தம் கேட்டது. கறுப்புக்குள் ஏதோ ஒன்று கூடுதல் கறுப்பாக இருந்தது.

"அண்ணே, வண்டி வந்துருச்சு."

கட்டைக் குரல். அவனுடையது அல்ல. வேறு யாரையோ வைத்துப் பேச வைத்திருந்தார்கள்.

"அதா, அதா! நெஞ்ச நிமித்திக்கிட்டு நிக்கறான் பாருங்க," என்றாள் அம்மா.

"அது மூட்டைம்மா," என்றாள் மேகலா.

"திருப்பிப் போடு," என்றார் அப்பா.

மேகலா போட்டாள். மூட்டை நிமிர்ந்து நின்றது. வெளிச்சத்தை நூறு வரைக்கும் ஏற்றிப் பார்த்தாள். கறுப்பு சாம்பலானது. சாம்பலுக்குள்ளும் அவன் இல்லை.

"நிறுத்து."

படம் நின்றது.

அப்பா எழுந்தார். சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டினார். டிவிக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தைக் கொண்டு போனார். மேலிருந்து கீழே. ஒரு முனையிலிருந்து மறுமுனை. துணி பார்க்கிற மாதிரியே.

மாமன் கம்பெனியின் பஞ்சுத் தூசி அவனுக்கு இப்போதே மூக்கில் ஏறியது.

வாசல் கதவு திறந்தது. பக்கத்து வீட்டுத் தனபாக்கியம் அக்கா.

"ஏனுங்க, உங்க ஊட்டுல மட்டும் கரண்டு இல்லீங்களா?"

வெயில் பட்டையாக உள்ளே பாய்ந்தது. அப்பாவின் முகத்தில் விழுந்தது.

டிவியில் ஒரு முகம் வந்தது.

நெற்றி. மூக்கு. மீசை.

நிறுத்தி வைத்த படத்தில் அந்த முகம் லேசாகச் சாய்ந்தது. அப்பாவும் சாய்ந்திருந்தார்.

அம்மா மூச்சை உள்ளே இழுத்தாள். மேகலா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவன் அவள் கையைக் கிள்ளினான்.

அப்பா பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். டிவியில் இருந்தவர் மூக்கில் இறங்கிய கண்ணாடியை ஒரு விரலால் ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"தெரியுது," என்றார் அப்பா, திரும்பாமல். "கண்ணாடி போட்டு உட்டுருக்கறாங்க. அதுதான் வயசு கூடத் தெரியுது."

அந்தத் தொடரில் அவன் கண்ணாடி போடவில்லை. அவனுக்கு மீசையும் இல்லை.

"ஆமாங்கப்பா," என்றான்.

முக்கியமான கட்டத்தில் வந்துவிட்டோம் என்று நினைத்தாளோ என்னவோ, தனபாக்கியம் அக்கா பின்வாங்கினாள்.

"பாருங்க, பாருங்க. நான் அப்பறமா வர்றேன்."

கதவு மெல்லச் சாய்ந்தது. வெயில் பட்டை ஒடுங்கி அப்பாவின் கன்னத்திலிருந்து நழுவத் தொடங்கியது. டிவியில் மீசை மங்கியது.

அவன் பாய்ந்து போய் இடுக்கில் காலைக் கொடுத்தான்.

கதவு சுண்டுவிரலில் இடித்தது. காலை எடுக்கவில்லை.