மிதிச்சுப் பிடிங்க

“பிரேக்கை மிதிச்சா பெடல் தரைக்கே போயிடுதுண்ணே” என்றாள், டிரைவிங் ஸ்கூல் நடத்துபவள். காரின் பக்கத்து இருக்கையில் அவள் கணவர் உட்கார்ந்திருந்தார்.

மெக்கானிக் நாலு சக்கரத்தையும் பார்த்தார். “பிரேக் ஆயில் வெளியே எங்கயும் ஒழுகல. மாஸ்டர் சிலிண்டருக்குள்ளயே கசியுதோ என்னவோ. பெடலை மிதிச்சு அப்படியே பிடிக்கணும். மெல்ல இறங்கிச்சுன்னா அதேதான். சாரை மிதிக்கச் சொல்லலாமா?”

“அவர் இருக்கட்டும்ணே. நானே வர்றேன்.”

மெக்கானிக் பானெட்டுக்குள் தலையை விட்டார். “ம், மிதிச்சுப் பிடிங்க!”

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தவள் அப்படியே நின்றாள். “அண்ணே, இங்க வாங்களேன்!”

காலி இருக்கைக்கு முன்னால் பெடல் தானாக இறங்கிக்கொண்டிருந்தது.

“ஆளே இல்லாம எப்படிம்மா?”

அவள் பக்கத்து இருக்கையைக் காட்டினாள். கற்றுக்கொடுப்பவருக்காக அங்கேயும் ஒரு பெடல். ஒன்றை மிதித்தால் இரண்டும் இறங்கும். அதை அழுத்தியபடி கணவரின் வலது கால் நடுங்கிக்கொண்டிருந்தது.

“பக்கவாதம் வந்ததுலேருந்து அந்தக் கால் அசைஞ்சதே இல்லண்ணே.”

மெக்கானிக் குனிந்து, மெல்ல இறங்கும் பெடலைப் பார்த்தார். “மாஸ்டர் சிலிண்டர்தாம்மா, தெரிஞ்சுபோச்சு. சாரைக் காலை எடுத்துடச் சொல்லுங்க.”

“வேண்டாம்ணே. இன்னும் கொஞ்சம் மிதிக்கட்டும்.”