பாதி வழியில் ஒரு முகம்

பதிவு அலுவலகத்தில் மணந்த செண்பகவல்லிக்குக் கல்யாணப் படம் கிடையாது. அதற்காக அவள் கணவர் தனராஜ், தன் முதல் கல்யாணப் படத்தையே ஸ்டுடியோவில் கொடுத்து, இறந்துபோன மூத்த மனைவியின் முகத்தை இவள் முகமாக மாற்றச் சொல்லியிருந்தார். கணினித் திரையில் செண்பகவல்லி சிரித்தாள். மாலை பிடித்த கையில் மட்டும் மூத்தவளின் சூட்டுத் தழும்பு.

"யாருக்குத் தெரியப்போவுது?" என்றார் தனராஜ்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நாளைக்கு நான் செத்தா என் முகத்தையும் இப்படித்தான் வழிச்சுப் போடுவீங்களா?"

ஸ்டுடியோக்காரரிடம் திரும்பினாள். "அண்ணே, அக்கா முகம் வர்ற வரைக்கும் பின்னால இழுங்க."

முகத்தை மாற்றும் கோட்டில் மௌஸ் பின்னால் நகர நகர மூக்கு நீண்டது, நெற்றி அகன்றது.

"நிறுத்துங்க!" என்றாள் செண்பகவல்லி.

பாதி வழியில், இருவருமான ஒருத்தி தனராஜை நேராகப் பார்த்தாள். அவர் தலை குனிந்தார்.

"இதையே பெருசாப் போடுங்க. இவரு சாப்பிடுற இடத்துக்கு நேரா மாட்டணும்."