துணையோடுதான் அனுப்ப வேண்டும்

மயக்க மருந்து கொடுத்த யாரையும் தனியாக வீட்டுக்கு அனுப்பக்கூடாது. தெளிந்ததும் பேர் கேட்க வேண்டும், நடக்கவிட்டுப் பார்க்க வேண்டும், கூட வந்தவர் கையில் பிடித்துக் கொடுக்க வேண்டும். கொல்கத்தாவில் காளிகாட்டில் இருக்கும் எங்கள் எண்டோஸ்கோபி கிளினிக்கில் இது விதி. அரை மயக்கத்தில் எல்லாருக்கும் சொந்த பாஷைதான் வரும் என்பதால், தமிழ்க்காரர்களை எழுப்புவது என் வேலை.

இன்று காலை ஹவுரா ரயில்வேக்காரர் உத்தமனை எழுப்பினேன். பேரைச் சரியாகச் சொன்னார். தள்ளாடாமல் நடந்தார். மனைவி மகேஸ்வரியோடு டாக்ஸியில் ஏற்றிவிட்டு உள்ளே வந்தேன்.

கட்டிலில் உத்தமன் படுத்திருந்தார். விரலில் கிளிப் இருந்தது. மானிட்டர் சீராக ஓடிக்கொண்டிருந்தது.

"இவர் எப்படித் திரும்பி வந்தார்?" என்று ஆயா மாஷியிடம் கேட்டேன்.

"நீங்க இன்னும் அவரை எழுப்பவே இல்லையே, தீதி," என்றாள் வங்காளத்தில்.

எனக்கு எரிச்சலாக வந்தது. அவரைப் பிடித்து நடத்திய சூடு இன்னும் என் உள்ளங்கையில் இருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல், விதிப்படி தோளைத் தட்டிப் பேர் சொல்லிக் கூப்பிட்டேன்.

அப்போது போன் அடித்தது. மகேஸ்வரி.

"சிஸ்டர், டாக்ஸியிலதான் இருக்கோம். அவர் நல்லா இருக்கார். உங்ககிட்ட ஒண்ணு மட்டும் சொல்லச் சொல்றார்."

"என்ன?"

"கட்டில்ல இருக்கிறவரை எழுப்ப வேண்டாமாம்."

கட்டிலில் இருந்தவர் கண்ணைத் திறந்தார்.

"மகேஸ்வரி போயிட்டாளா?" என்று கேட்டார்.